அடுத்து யார் பாடுவது? ஃபில்க் மாநாட்டு நிகழ்ச்சி நிரல், புதியவர்களுக்காக

கச்சேரிக்குப் போனால் யார் பாடுவார் என்பதில் நமக்குச் சந்தேகமே வராது. மேடையில் இருப்பவர் பாடுவார், கீழே இருப்பவர் கேட்பார். ஃபில்க் மாநாட்டில் இந்த ஏற்பாடு பகலில் மட்டும்தான் செல்லும், அதுவும் பாதிதான். கேட்க மட்டும் வருகிறவர்கள் அங்கே உண்டு, அவர்களுக்கு நல்ல மரியாதையும் உண்டு. ஆனால் வருகிறவர்களில் பலர் பாடவும் வருகிறார்கள். நூறு பேர் கூடினால், விரும்புகிற ஒவ்வொருவருக்கும் பாட ஒரு முறை வரவேண்டும். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை அங்கே நடப்பதை இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

முதலில் ஃபில்க் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அறிவியல் புனைகதை ரசிகர்களும் மிகுபுனைவு ரசிகர்களும் தங்களுக்குள் எழுதிப் பாடிக்கொள்ளும் பாட்டுக்கு அந்தப் பெயர். ராக்கெட், நிலவுப் பயணம், டிராகன், கணினி, பிடித்த நாவலில் வரும் ஒரு பாத்திரம், வீட்டுப் பூனை என்று எதைப் பற்றியும் பாட்டு இருக்கும். பெயர் ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. 1950-களின் தொடக்கத்தில் லீ ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க ரசிகர், நாட்டார் இசையில் அறிவியல் புனைகதையின் தாக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் 'ஃபோக்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஃபில்க்' என்று விழுந்துவிட்டது. ஆங்கில விசைப்பலகையில் 'ஓ'வும் 'ஐ'யும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். அந்தக் கட்டுரை அப்போது வெளிவரவில்லை, பிழை மட்டும் வாய்வழியாகப் பரவியது. 1953-ல் கேரன் ஆண்டர்சன் தன் ரசிகர் இதழில் ஒரு பாட்டை அச்சிட்டபோது 'ஃபில்க் பாட்டு' என்று வேண்டுமென்றே குறிப்பிட்டார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் மெட்டு பெரும்பாலும் இரவல், சொல் மட்டும் சொந்தம். எல்லோருக்கும் தெரிந்த நாட்டுப்பாடல் மெட்டில் புதிய வரிகளைக் கட்டினால் கேட்பவர்களும் உடனே சேர்ந்து பாடலாம். இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது. கூடவே சொந்த மெட்டில் வரும் பாட்டுகளும் ஏராளமாகிவிட்டன. வேடிக்கைப் பாட்டு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். விண்வெளியில் உயிர்விட்டவர்களுக்காக எழுதிய பாட்டுகளைக் கேட்டு அறையே அமைதியாகிவிடும் நேரங்கள் உண்டு.

அறிவியல் புனைகதைக்கென்று பெரிய மாநாடுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் பாட்டுக்குக் கிடைத்த இடம் இரவின் மிச்சம்தான். எல்லா நிகழ்ச்சியும் முடிந்தபின் காலியாகக் கிடக்கும் ஓர் அறை, அதுவும் கிடைக்காவிட்டால் ஓட்டலின் நடைவழி, மாடிப்படி. பக்கத்து அறைக்காரர் தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்தால் எழுந்து வேறு இடம் தேட வேண்டும். பாட்டையே மையமாக வைத்து மாநாடு நடத்தினால் என்ன என்ற எண்ணம் இந்த அனுபவத்திலிருந்து வந்தது. 1979-ல் சிகாகோவில் அப்படி முதல் மாநாடு கூடியது. ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1984-ல் தொடங்கிய 'ஓஹியோ வேலி ஃபில்க் ஃபெஸ்ட்' ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கூடும் மாநாடாக வளர்ந்தது. பிரிட்டனில் 1989-லும் கனடாவின் ஒன்டாரியோவில் 1991-லும் தொடங்கினார்கள். ஜெர்மானிய ரசிகர்கள் மலைமேல் இருக்கும் ஃப்ராய்ஸ்புர்க் கோட்டையில் கூடிப் பாடியிருக்கிறார்கள். அந்தப் பழைய கோட்டை இப்போது இளைஞர் விடுதி. அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரே மாநாடு ஊர் மாறி மாறி, ஊருக்கொரு பெயரில் நடக்கும் ஏற்பாடும் உண்டு.

இவை சிறிய கூட்டங்கள். நூறு பேர், இருநூறு பேர் என்ற அளவுதான் வழக்கம். நடுத்தர ஓட்டல் ஒன்றில் ஒரு பெரிய கூடம், இரண்டு மூன்று சிறிய அறைகள், தேநீரும் தின்பண்டமும் எப்போதும் இருக்கும் ஓர் அறை, பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும் விற்கும் ஒரு மூலை. இதற்குள் மூன்று நாள் அடங்கிவிடும். நடத்துகிறவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள்.

பகல் நேரத்தில் நடப்பவை நமக்கு ஓரளவு பழகியவையே. சிறப்பு விருந்தினர் கச்சேரி இருக்கும். விருந்தினரை அழைப்பதில் அழகான ஓர் ஏற்பாடு உண்டு. இன்டர்ஃபில்க் என்ற தொண்டு அமைப்பு, தூர தேசத்தில் இருக்கும் பாடகர்களுக்குப் பயணச் செலவு கொடுத்து அவர்கள் போயிராத மாநாட்டுக்கு அனுப்பி வைக்கிறது. ஜெர்மனிக்காரர் கலிபோர்னியாவுக்கு வருவார், அமெரிக்கர் இங்கிலாந்துக்குப் போவார். அதற்கான பணம் பெரும்பாலும் மாநாடுகளிலேயே நடக்கும் ஏலத்தில் சேர்கிறது. ரசிகர்கள் கொடுத்த பழைய பாட்டுப் புத்தகங்கள், இப்போது கிடைக்காத ஒலிநாடாக்கள், கையால் செய்த பொருள்கள் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஆக, அந்த ஏலம் நிகழ்ச்சி நிரலில் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அடுத்த ஆண்டு யாரோ ஒருவர் கடல் கடந்து வந்து பாடுவதற்கான டிக்கெட் அங்கேதான் வாங்கப்படுகிறது. அந்த அரை மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கென்று விட்டுவிடாதீர்கள்.

கச்சேரி செய்யும் அளவுக்குப் பாட்டு கைவசம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. ஒரு தாளில் பெயர் எழுதி வைத்தால் மேடையில் ஒரு பாட்டோ இரண்டு பாட்டோ பாடலாம். 'டூஃபர்' என்பார்கள், இரண்டு பாட்டு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மைக், ஒலியைக் கவனிக்க ஆள், எதிரே பரிவோடு உட்கார்ந்திருக்கும் கூட்டம் எல்லாம் சிறப்பு விருந்தினருக்குக் கிடைப்பதுதான். முதல்முறை மேடை ஏறுகிறவர் குரல் நடுங்கினாலும் இடையில் வரி மறந்தாலும் கூட்டம் காத்திருக்கும். பல்லவி தெரிந்தவர்கள் கீழிருந்தே எடுத்துக்கொடுப்பார்கள். சில கச்சேரிகளில் மேடையோரம் ஒருவர் நின்று பாட்டு முழுவதையும் சைகை மொழியில் செய்வார். காது கேளாதவர்களுக்காக வந்த வழக்கம் இது. காது கேட்கிறவர்களும் அதை ஒரு கலையாகவே ரசிக்கிறார்கள்.

அப்புறம் பயிற்சி வகுப்புகள். இணைகுரல் சேர்ப்பது எப்படி, கிட்டாரில் விரல்நுனி வாசிப்பு, மேடைப் பயத்தைச் சமாளிப்பது, மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று பலவகை. எனக்கு இவற்றில் அதிகம் பிடித்தது பாட்டெழுதும் வகுப்பு. இரவல் மெட்டில் எழுதும்போது ஆங்கிலத்தில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மொழியில் ஒன்றுக்கு மேல் அசையுள்ள ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை அழுத்தமாக ஒலிக்கும். அந்த அழுத்தம் தாளத்தின் அடி விழும் இடத்தில் உட்கார வேண்டும். அசை எண்ணிக்கை சரியாக இருந்தும் அழுத்தம் தவறிய இடத்தில் விழுந்தால் கேட்பவருக்குச் சொல்லே புரியாது. தமிழில் குறிலும் நெடிலும் பார்த்துச் சந்தம் கட்டுகிறோமே, அந்த வேலைக்கு அவர்கள் ஊர்க் கணக்கு இது. ஒருவர் எழுதிய நாலு வரியை வகுப்பே சேர்ந்து பாடிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்தும். சில மாநாடுகளில் பாட்டெழுதும் போட்டியும் நடக்கும். தலைப்பை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஓரிரண்டு சொற்களைக் கொடுத்து, சில மணி நேரத்துக்குள் பாட்டோடு வரச்சொல்வதும் உண்டு.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொலம்பஸ் மாநாட்டில் 1984 முதல் பெகாசஸ் விருதுகள் கொடுக்கிறார்கள். ஃபில்க்கில் ஆர்வமுள்ள யாரும் பாட்டுகளைப் பரிந்துரைக்கலாம், வாக்களிக்கலாம். பரிந்துரை பெற்ற பாட்டுகளையெல்லாம் விருதுக்கு முன்பே ஒரு கச்சேரியாகப் பாடிக் காட்டுவார்கள். புதிதாக வருகிறவருக்கு இந்த உலகத்தின் நல்ல பாட்டுகளை ஒரே இருப்பில் கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒன்டாரியோ மாநாட்டில் 1995 முதல் ஃபில்க் புகழ்மன்றம் என்று ஒன்று நடக்கிறது. பாடகர்களோடு, பாட்டுப் புத்தகம் தொகுத்தவர்களையும் மாநாடு நடத்தி உழைத்தவர்களையும் அதில் சேர்க்கிறார்கள். அட்லாண்டாவில் ஜனவரியில் கூடும் மாநாட்டில் சனிக்கிழமை விருந்து முடிந்ததும் நடனமும் உண்டு.

சரி, இரவு ஒன்பது பத்து மணிக்கு மேல் வருவோம். மாநாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் 'திறந்த ஃபில்க்' என்று ஒரே ஒரு வரி போட்டிருக்கும். முடியும் நேரம் போட்டிருக்காது. நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள். மேடை கிடையாது, மைக்கும் பெரும்பாலும் கிடையாது. மடியில் கிட்டார், தரையில் தண்ணீர்ப் புட்டி, பக்கத்தில் வரிகள் அடுக்கிய தடித்த கோப்பு அல்லது கைக்கணினி. இப்போது கேள்வி: அடுத்து யார் பாடுவது?

இதற்குப் பல விடைகள் உண்டு. புதியவர் இதைத் தெரிந்துகொண்டு போனால் மற்ற எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் முறை பாணர் வட்டம். 'பார்டிக்' என்று அவர்கள் சொல்வதற்குப் பாணர் என்ற நம் பழைய சொல்லே சரியாகப் பொருந்துகிறது. முறை வட்டத்தைச் சுற்றி ஒருவர்பின் ஒருவராக வரும். உங்களிடம் வந்ததும் மூன்றில் ஒன்று செய்யலாம். பாடலாம். வேறொருவரைப் பாடச்சொல்லிக் கேட்கலாம். எதுவும் வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு விடலாம். விடுவதில் எந்தக் குறையும் இல்லை, யாரும் வற்புறுத்த மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் உள்ளது. பாட வராதவருக்கும் வட்டத்தில் ஒரு முறை இருக்கிறது, அந்த முறையில் தான் கேட்க விரும்பும் பாட்டைக் கேட்டு வாங்கலாம். அடுத்த நாலு நிமிடம் அறை எதைக் கேட்கப்போகிறது என்பதை அவர் தீர்மானிக்கிறார்.

இதன் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு, முன்னால் சொல்லும் இரண்டு வார்த்தையும் சேர்த்து நாலு நிமிடம் என்று வையுங்கள். வட்டத்தில் 15 பேர் என்றால் ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம். 30 பேர் என்றால் இரண்டு மணி. 60 பேர் உட்கார்ந்துவிட்டால் நாலு மணி நேரம். பத்து மணிக்குத் தொடங்கிய வட்டத்தில் கடைசி நாற்காலிக்காரர் முதல் பாட்டைப் பாடும்போது விடியற்காலை இரண்டு ஆகிவிடும். அதற்குள் அவர் தூங்கப் போயிருப்பார்.

இரண்டாவது முறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேயாஸ்', அதாவது குழப்பம். வரிசை கிடையாது. ஒரு பாட்டு முடிந்ததும், அடுத்துப் பாட நினைப்பவர் தொடங்கிவிடலாம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நன்றாக அமையும் இரவில் இதுபோல் சுவையானது வேறில்லை. காரணம், 'தொடர்பாட்டு'. ஒருவர் நிலவுப் பயணம் பற்றிப் பாடினால், இன்னொருவர் நிலவிலிருந்து திரும்பாதவரைப் பற்றிப் பாடுவார், மூன்றாமவர் காத்திருக்கும் மனைவியைப் பற்றிப் பாடுவார். நம் பாட்டுக்குப் பாட்டில் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போகிறோம். இங்கே பொருளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எந்த ஏற்பாடும் இல்லாமல் ஆறேழு பாட்டு சேர்ந்து ஒரே கதையாகிவிடும். பாணர் வட்டத்தில் இது அமைவது கடினம். மனதில் பொருத்தமான பாட்டு இருப்பவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார், முறை அவரிடம் வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் அந்த இழை அறுந்துபோகும்.

ஆனால் குழப்ப வட்டத்தில் கூச்சக்காரர்கள் தோற்கிறார்கள். பழகியவர், குரல் பெரியவர், கிட்டாரைத் தயாராக வைத்திருப்பவர் முந்திக்கொள்வார். புதியவர் வாயைத் திறப்பதற்குள் வேறொருவர் முதல் வரியில் இருப்பார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, நடந்துவிடுகிறது. நல்ல மனதுள்ள மூத்தவர்கள் இதைக் கவனித்து, நாலு பாட்டாக வாய் திறக்க முயலும் ஒருவரைப் பார்த்து, "நீங்கள் ஏதோ பாட வந்தீர்களே" என்று இடம் வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு வட்டத்தின் தரத்தை நான் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதில் வைக்கும் போக்கர் சில்லுகள் தெரியுமல்லவா? வட்டத்தில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் சில்லு கொடுத்துவிடுவார்கள். பாட விரும்பினால் ஒரு சில்லை நடுவில் போட வேண்டும். எப்போது போடுவது என்பது உங்கள் விருப்பம், ஆகவே தொடர்பாட்டுக்கு இடம் உண்டு. சில்லு தீர்ந்தவர் மற்றவர்கள் தங்களுடையதைப் போடும்வரை காத்திருப்பார், ஆகவே முந்துகிறவர் தானாக அடங்குவார். நியாயத்தையும் சுதந்திரத்தையும் ஒரு பிளாஸ்டிக் வில்லைக்குள் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது பாணர் வட்டம்தான். முறை தானாக உங்கள் முன் வந்து நிற்கும், நீங்கள் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் நடத்துகிறவர்கள் வட்டத்தை இரண்டாகப் பிரித்து இன்னோர் அறைக்கு அனுப்புவது நல்லது. பல மாநாடுகளில் அப்படித்தான் இரண்டு மூன்று அறைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒன்றில் ஆரவாரம், ஒன்றில் அமைதி.

வட்டத்துக்குச் சில எழுதாத நாகரிகங்கள் உண்டு. ஒருவர் மெதுவாகப் பாடும்போது நீங்களும் கிட்டாரை எடுத்து உரக்க மீட்டக்கூடாது. அவர் கண்ணால் அழைத்தால் சேர்ந்துகொள்ளலாம். பல்லவியில் மட்டும் எல்லோரும் சேரலாம், அது எழுதப்படாத உரிமை. சுருதி சேர்ப்பதை வெளியே போய்ச் செய்ய வேண்டும். வேறொருவர் எழுதிய பாட்டைப் பாடினால் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும், பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். மனதை உலுக்கும் பாட்டு முடிந்ததும் உடனே அடுத்ததைத் தொடங்காமல் சில நொடி விட வேண்டும்.

மனதை உலுக்கும் அந்த வகைப் பாட்டுக்கு அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது: 'ஓஸ்'. ஆங்கிலத்தில் 'மோர்' என்றால் 'இன்னும்', 'மோரோஸ்' என்றால் மனம் வாடியிருப்பது. அழவைக்கும் பாட்டு ஒன்று வந்தால் அது ஓஸ், இன்னொன்று வந்தால் இன்னும் ஓஸ், அதாவது மோர் ஓஸ். நள்ளிரவு தாண்டினால் வட்டம் அந்தப் பக்கம் சாய்வது வழக்கம். யாராவது ஒருவர் பூனைப் பாட்டு ஒன்றை எடுத்து அறையை மீட்டுக்கொண்டு வருவார்.

இந்த வட்டம் எவ்வளவு தூரம் ஒரே காற்றில், ஒரே அறையில் இருப்பதைச் சார்ந்தது என்பது 2020-ல் தெரிந்தது. பெருந்தொற்றில் மாநாடுகள் நின்றபோது ஃபில்க்கர்கள் காணொளி அழைப்பில் கூடினார்கள். பாணர் வட்டம் ஓரளவு நடந்தது. சேர்ந்து பாடுவது நடக்கவில்லை. குரல் இணையத்தில் போய்ச் சேர எடுக்கும் நேரம் நொடியில் ஒரு சிறு பங்குதான், ஆனால் அதுவே தாளத்தைக் கலைக்கப் போதும். நாற்பது பேர் ஒன்றாகப் பல்லவி பாடினால் நாற்பது இடத்தில் கேட்கும். ஆகவே பாடுகிறவரின் மைக்கைத் தவிர மற்றதையெல்லாம் மூடிவிட்டு, அவரவர் வீட்டில் அவரவர் தனியாகப் பல்லவியைச் சேர்ந்து பாடினார்கள். பயணம் செய்ய வசதியில்லாதவர்களும் உடல்நலம் இடம்தராதவர்களும் முதல்முறையாக வட்டத்தில் உட்கார்ந்தது அப்போதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பெரிய லாபமாகவே நான் பார்க்கிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால், ஒரு பாட்டின் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துப்போங்கள். வாத்தியம் வேண்டியதில்லை, வெறும் குரலில் பாடுகிறவர்கள் நிறையப் பேர். பாட்டு இல்லாவிட்டால் கவிதை வாசித்தாலும் கேட்பார்கள். முதல் இரவு முறை வந்ததும் அடுத்தவருக்கு விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள். இரண்டாம் இரவு, முதல் நாள் மனதில் நின்ற பாட்டு ஒன்றைச் சொல்லி, பாடியவரை மறுபடி பாடச்சொல்லிக் கேளுங்கள். எழுதியவருக்கு அதைவிட மகிழ்ச்சி தருவது எதுவும் இல்லை. மூன்றாம் நாள் உங்கள் தாளை வெளியே எடுக்கலாம்.

மூன்றாம் நாள் ஞாயிறு. பிற்பகலில் நிறைவு நிகழ்ச்சி முடிந்து, கூடத்தின் ஒலிபெருக்கிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றியபின்னும் ஒரு வட்டம் பாக்கி இருக்கிறது. 'செத்த நாய் ஃபில்க்' என்று அதற்குப் பெயர். அடித்துப்போட்ட மாதிரி களைத்துக் கிடப்பவர்களின் வட்டம். திங்கட்கிழமை ஊர் திரும்பும் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். குரல் கட்டியிருக்கும், விரல் நுனி கன்றியிருக்கும். சில்லும் வேண்டாம் வரிசையும் வேண்டாம். மூன்று நாளாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பைப் பிரித்து முதல் பாட்டைப் பாடுவது பல சமயம் இந்த வட்டத்தில்தான்.